விதி வாய் மூடும் இடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. அவற்றின் மையத்தில் இருப்பது இண்டக்‌ஷன் ஃபர்னஸ். சுருளாகச் சுற்றிய செப்புக் குழாயில் மாறுமின்னோட்டம் பாய, நடுவிலுள்ள ஸ்கிராப் தனக்குள்ளேயே சூடேறி உருகுகிறது. உருகிய எஃகின் வெப்பநிலை ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ். அதிலிருந்து சில அங்குலம் தள்ளி, அதே செப்புக் குழாய்க்குள் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, வெப்பம் தாங்கும் உட்பூச்சான லைனிங் மட்டும்தான் தடுப்பு. நீர் நின்றால் சுருள் கெடும். லைனிங் பிளந்து உருகிய எஃகும் நீரும் சந்தித்தால் வெடிக்கும். ஆகவே நீரோட்டத்தையும் அதன் சூட்டையும் கசியும் மின்னோட்டத்தையும் கண்காணித்து, வேண்டிய கணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க அருகிலேயே ஒரு பேனல் நிற்கிறது. இன்றைய பேனல்களில் இந்த வேலையின் பெரும்பகுதியை ஒரு சிறு சிப்பும் அதில் ஏற்றிய நிரலும் செய்கின்றன. இப்படிப்பட்ட சிப்புகளுக்கான நிரல்கள் உலகெங்கும் பெரும்பாலும் சி மொழியில்தான் எழுதப்படுகின்றன. உலையின் முன் நிற்பவர் பல இடங்களில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. அந்த நிரலை அவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அதை எழுதியவர் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு எழுதினார் என்று கேட்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இங்கே மிகத் துல்லியமான வடிவம் கொள்கிறது. ஒரு விதி ஒரு செயலைத் தடுக்கவுமில்லை, அனுமதிக்கவுமில்லை, வெறுமனே பேசாமல் இருக்கிறது என்றால், அந்த இடத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு?

சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1989-இல் அது அமெரிக்கத் தரமாக எழுத்தில் வந்தபோது தரக் குழுவின் முன் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய கணினிகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எதிர்ம எண்ணைக் குறிக்கும் முறையிலேயே மூன்று வகை இருந்தன. கூட்டிய விடை தனக்குரிய இடத்தில் கொள்ளாமல் வழிந்தால், ஒரு கணினி அதைச் சுழற்றி எதிர்ம எண்ணாக்கும். இன்னொன்று வேலையையே நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே விதியை விதித்தால் பல கணினிகளில் சி நிரல்கள் மிக மெதுவாக ஓடும். எனவே குழு அத்தகைய இடங்களில் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தது: இந்தச் செயலைச் செய்யும் நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இந்தத் தரம் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. பிற்காலப் பதிப்புகளின் பின்னிணைப்பில் இப்படிப்பட்ட இடங்கள் சுமார் 200 பட்டியலிடப்பட்டுள்ளன. மௌனத்துக்குக் குழு தந்த விளக்கத்தில் இரண்டு காரணங்கள் உண்டு. கண்டுபிடிக்கக் கடினமான பிழைகளையும் பிடித்தே ஆக வேண்டும் என்று நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரைச் செய்பவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஒன்று. தரம் பேசாத இடத்தில் கம்பைலர் தானே ஒரு பொருளை வகுத்து மொழியை விரித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை அதிகம் பேர் எடுத்துப் பேசுவதில்லை. என் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பிழை நுழைவதும் விரிவாக்கம் நுழைவதும் ஒரே வாசல் வழியாக. அந்த வாசலில் எதை அனுமதிப்பது என்று நிரல் எழுதுபவர் முடிவு செய்ய முடியும். அவர் செய்யாவிட்டால் அவருக்காகக் கம்பைலர் செய்துவிடும்.

எப்படிச் செய்யும் என்பதற்கு ஓர் எளிய நிரலைக் கற்பனை செய்துகொள்வோம். உலையின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சுருளுக்குள் 8 மணி நேரம் குளிர்நீர் ஓட வேண்டும். பேனல் உயிர்பெற்ற கணத்திலிருந்து நிரல் மில்லிவிநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை 32 பிட் அளவுள்ள, குறியுடைய முழு எண். மின்சாரம் நின்றபோது இருந்த எண்ணோடு 8 மணி நேரத்துக்குரிய 2,88,00,000-ஐக் கூட்டினால் பம்பை நிறுத்த வேண்டிய நேரம் கிடைக்கும். ஓடும் எண் அதை எட்டியதும் பம்பு நிற்கும். இந்த வகை எண்ணில் கொள்ளும் உச்சம் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். மில்லிவிநாடிக் கணக்கில் அது 24 நாளும் இருபதரை மணி நேரமும். 25-ஆம் நாளில், உச்சத்துக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் உலையை நிறுத்தினால், கூட்டல் வழிந்து விடை எதிர்ம எண்ணாகிவிடும். நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்று கணித்து நிரல் பம்பை உடனே நிறுத்திவிடும். கவனமுள்ள நிரலர் இதை முன்கூட்டியே யோசித்து ஒரு காவல் வரி எழுதுகிறார்: கூட்டிய விடை கூட்டுமுன் இருந்த எண்ணைவிடச் சிறியதாக வந்தால், எண் வழிந்துவிட்டது, வேறு முறையில் கணக்கிடு. படிப்பவர் கண்ணுக்கு இதில் குறை தெரியாது. ஆனால் ஜிசிசி கம்பைலரை ‘ஓ2’ என்ற வேக நிலையில் ஓட்டினால் அந்தக் காவல் வரியே மறைந்துபோகலாம். அதன் தர்க்கம் இப்படிப் போகிறது: குறியுடைய எண் வழிவதைப் பற்றித் தரம் எதுவும் சொல்லவில்லை, ஆகவே ஒழுங்கான நிரலில் அது நடக்காது, நடக்காதெனில் நேர்ம எண்ணைக் கூட்டிய விடை சிறியதாக வர வழியில்லை, வர முடியாத ஒன்றைச் சோதிக்கும் வரி வீண். ஒவ்வொரு படியும் தரத்துக்கு உட்பட்டது. 2007-இல் இதைப் போன்ற ஒரு சோதனை வரி நீக்கப்பட்டதைப் பிழை என்று ஜிசிசி திட்டத்திடம் முறையிட்டபோது, நீண்ட விவாதத்துக்குப் பின்னும் கம்பைலர் செய்தது தரப்படி சரியே என்ற பதில்தான் நின்றது. எண் வழிவது ஏட்டுக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. போயிங் 787 விமானம் இடைவிடாமல் 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் அதன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும், ஆகவே இடையிடையே அணைத்து எழுப்ப வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் உத்தரவிட்டது. நூறில் ஒரு விநாடியாக எண்ணினால், குறியுடைய 32 பிட் எண் வழிய எடுத்துக்கொள்ளும் காலமும் அதே 248 நாள்தான்.

2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. ‘டன்’ என்ற நெட்வொர்க் டிரைவரில் நினைவக முகவரியைச் சுட்டும் ஒரு பாயிண்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அதன் பிறகே அது வெற்றுப் பாயிண்டரா என்று சோதித்திருந்தார்கள். வரிசை தவறு; ஆனாலும் சோதனை இருந்தது. கம்பைலர் யோசித்தது வேறு வழியில்: வெற்றுப் பாயிண்டரைப் பயன்படுத்துவது பற்றித் தரம் பேசவில்லை, இவர் பயன்படுத்திவிட்டார், ஆகவே அது வெற்றாக இருக்காது, ஆகவே சோதனை வேண்டாம். சோதனை நீங்கிய அந்த இடம், சாதாரணப் பயனர் கணினி முழுவதையும் கைப்பற்றக்கூடிய ஓட்டையானது. இங்கே குற்றவாளியைத் தேடினால் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. தரக் குழு எதையும் தவறாகச் சொல்லவில்லை. கம்பைலர் தரத்தை மீறவில்லை. நிரலர் சோதனையை எழுதத்தான் செய்தார். மூவரும் தத்தம் எல்லைக்குள் நின்றார்கள். தீங்கு மூவருக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் விளைந்தது. கர்னலைப் பராமரிப்பவர்கள் அதன்பின் செய்ததை இந்தக் கேள்விக்கான விடையாகவே நான் பார்க்கிறேன். இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் ஜிசிசி தெரிவைத் தங்கள் கட்டளை வரியில் நிரந்தரமாகச் சேர்த்தார்கள். எண் வழிந்தால் சுழன்று வர வேண்டும் என்ற தெரிவும் அங்கே இருக்கிறது. நம் கற்பனைப் பேனலின் காவல் வரியைக் காப்பாற்றுவதும் ‘எஃப்-ராப்-வி’ என்ற அதே வகைச் சிறு தெரிவுதான். தரம் பேசாத இடத்தில் அவர்கள் பேசிவிட்டார்கள். எங்கள் நிரலுக்கு இங்கே விதி இது என்று வகுத்துக்கொண்டார்கள். விதி மௌனமாக இருக்கும் இடத்தில் பேச வழி தெரிந்தவர் எவரோ, அங்கே நடப்பதற்கு அவரே பொறுப்பு. என் நிலைப்பாடு இதுதான்.

பேச வழி தெரிந்தவர் என்று சொல்லும்போது, தெரிதல் என்பது எந்த வகை அறிவு என்று கேட்காமல் இருக்க முடியாது. அருணந்தி சிவாச்சாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியை அளவையிலிருந்துதான் தொடங்குகிறார். பொருளைப் பற்றிப் பேசுமுன், பொருளை அறியும் வழிகள் எவை என்று நிறுவியாக வேண்டும் என்பது அந்த மரபின் ஒழுங்கு. காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்ற அளவைகள் அடங்கும் என்பது சித்தாந்தத்தின் முடிவு. கம்பைலரின் தெரிவுகளை வெறும் வசதிப் பட்டியலாகப் பார்க்காமல் இந்த மூன்றின் வழியே பார்த்தால், எதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது துலங்குகிறது. ‘டபிள்யூ-ஆல்’, ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ போன்ற எச்சரிக்கைத் தெரிவுகள் தருவது கருதலளவை. நிரலை ஓட்டிப் பார்க்காமல், வரிகளின் வடிவத்திலிருந்து இங்கே குற்றம் இருக்கலாம் என்று ஊகிக்கின்றன. ஊகம் தவறலாம், குற்றமிருந்தும் குறி தென்படாமலும் போகலாம். ‘எஃப்-சானிடைஸ்’ குடும்பம் தருவது காண்டலளவை. நிரல் ஓடும்போதே உடனிருந்து, எண் வழிந்த கணத்தில் இந்த வரியில் வழிந்தது என்று சொல்கிறது. ஆனால் கண்ணெதிரே நடந்ததை மட்டுமே காணும். 25-ஆம் நாளில் உச்சத்துக்கு முந்தைய அந்த 8 மணி நேரத்தைச் சோதனையில் யாரும் ஓட்டிக் காட்டாவிட்டால் அது காணப்போவதில்லை. தரத்தின் வாசகம் உரை. அது மௌனமாகும் இடத்தில் மற்ற இரண்டையும் நாடித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பாகுபாட்டை முதலில் சொல்லாமல் எச்சரிக்கைகளைப் போற்றினால் வலுவான ஒரு மறுப்பு உடனே எழும், அது எழுவதே நியாயம். கருவி சொல்வதைக் கேட்டு நடப்பது எப்படி அறமாகும்? 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் அமைப்பின், மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் நடந்ததை மறுப்பாளர் எடுத்துக்காட்டலாம். தொடக்க மதிப்புத் தராத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று சோதனைக் கருவிகள் எச்சரித்தன. எச்சரிக்கை ஓய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பராமரிப்பாளர் இரண்டு வரிகளை நீக்கினார். அவற்றில் ஒன்று, ரகசியச் சாவிகள் யாராலும் ஊகிக்க முடியாதபடி இருப்பதற்கான தற்செயல் தரவைக் கலக்கும் வரி. அது போனபின் சாவிக்கு ஆதாரமாக மிஞ்சியது புரோசஸ் எண் மட்டுமே. 32,768-க்குள் அடங்கிவிட்ட சாவிகளுடன் 2008 மே மாதம் வரை உலகின் எத்தனையோ சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எச்சரிக்கையைப் புறக்கணித்திருந்தால் இந்தக் கேடு வந்திராது. இந்த எடுத்துக்காட்டு என் நிலைப்பாட்டைச் சாய்ப்பதாக நான் நினைக்கவில்லை; அதன் எல்லையைச் சரியாக வரைந்து தருகிறது. கருதலளவையை உரையின் இடத்தில் ஏற்றி வைத்ததுதான் அங்கே நடந்த பிழை. எச்சரிக்கை ஒரு கேள்வியைக் கேட்டது: இங்கே ஏன் இப்படி? அதற்கு விடை தேடும் கடமை மனிதரிடம் இருந்தது. கேள்வியை வாய் அடைப்பதும், கேள்வியே வராதபடி தெரிவுகளை அணைத்து வைப்பதும், விடை தேடாமையின் இரண்டு வடிவங்கள். தெரிவுகளை இயக்குவதோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது. இயக்காதவருக்கு ஆரம்பமே இல்லை.

இயக்குதல் என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தத் தெரிவுகளில் பெரும்பாலானவை தாமாக வருவதில்லை. வெறுமனே ஜிசிசியை அழைத்தால் அது சொல்லும் எச்சரிக்கைகள் மிகச் சில. ‘ஆல்’ என்று பெயர் வைத்திருந்தாலும் ‘டபிள்யூ-ஆல்’ எல்லாவற்றையும் இயக்குவதில்லை. ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’வைச் சேர்த்தாலும் எண் வகை மாற்றத்தில் மதிப்பு சிதைவதைச் சொல்லும் ‘டபிள்யூ-கன்வர்ஷன்’ சி மொழிக்குத் தனியாகக் கேட்டால்தான் வரும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழை இதைக் காட்டியது. ‘கோ டு ஃபெயில்’ என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றுவிட்டது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் கையெழுத்துச் சரிபார்ப்பையே தாண்டிச் சென்றது. அதற்குக் கீழே எந்த வரியும் எட்டப்படாது என்று சொல்லக்கூடிய எச்சரிக்கை கிளாங் கம்பைலரில் இருந்தது. ஆனால் அது ‘டபிள்யூ-ஆல்’ தொகுப்புக்கு வெளியே இருந்தது. தானாக வராத ஒன்றைத் தேடி வரவழைப்பது, சட்டம் கேட்காத கட்டுப்பாட்டைத் தன்மேல் சுமத்திக்கொள்வது. அறநூல்கள் இதை விரதம் என்கின்றன. யாரும் வற்புறுத்தாத இடத்தில் ஏற்பதால்தான் அதற்கு மதிப்பு.

விரிவாக்கங்களின் பக்கம் வரும்போது கேள்வி இன்னும் நுட்பமாகிறது, தமிழ் இலக்கண மரபு இங்கே தரும் வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காதது. தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை நம் இலக்கணிகள் வழக்கைச் சரி, தவறு என்று இரண்டாக மட்டும் பிரித்துவிடவில்லை. வழாநிலை, வழு என்ற இரண்டோடு வழுவமைதி என்ற மூன்றாவதையும் வைத்தார்கள். இலக்கணத்திலிருந்து விலகினாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவின்மேல் உள்ள உவப்பால் அதைத் தாயென்று உயர்திணையில் சொன்னால் இலக்கணம் அதைத் தள்ளிவிடாது. ஆனால் கண்டபடி விலக அனுமதியும் தராது. உவப்பு, உயர்வு, சினம், இழிவு என்று காரணத்தின் பெயரைக் கேட்கும். காரணத்தைச் சொல்ல முடிந்தால் அமைதி, முடியாவிட்டால் வழுதான். சி மொழியின் விரிவாக்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கோட்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. வெப்பமானியிலிருந்து மாட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாக வரும் செய்தியின் பைட்டுகள் இடைவெளியின்றி அடுக்கியிருக்க வேண்டும். தூய சி மொழியில் அப்படி ஆணையிட வழியில்லை. ஜிசிசியின் ‘பேக்ட்’ என்ற பண்புக்குறி அதைத் தருகிறது. காரணம் உண்டு, ஆகவே அமைதி. ஆனால் அப்படி அடுக்கிய உறுப்பின் முகவரியை எடுத்துச் சாதாரணப் பாயிண்டர்போலப் பயன்படுத்தினால், கார்டெக்ஸ் எம்0 போன்ற எளிய சிப்புகளில் ஒற்றைப்படை முகவரியில் இரண்டு பைட்டு எண்ணைப் படிக்க முயன்ற கணத்தில் நிரல் விழுந்துவிடும். அது வழு. இரண்டையும் பிரித்துக் காட்டவும் ஜிசிசியின் 9-ஆம் பதிப்பிலிருந்து ஓர் எச்சரிக்கை இருக்கிறது. காலப்போக்கில் வழுவமைதி வழாநிலையாவதும் உண்டு. ‘டைப்-ஆஃப்’, இருமை எண்களை நேராக எழுதும் முறை ஆகியவை ஜிசிசியின் விரிவாக்கங்களாகப் பல ஆண்டு வாழ்ந்து, சி23 தரத்தில் இலக்கணமாகிவிட்டன. எந்தத் தரத்தின்படி எழுதுகிறோம் என்று கட்டளை வரியில் அறிவித்து, ‘பெடான்டிக்’ தெரிவையும் சேர்த்தால், தரத்திலிருந்து விலகும் இடங்களைக் கம்பைலர் எடுத்துக் காட்டும். விலகுவதில் குற்றமில்லை, எங்கே விலகினோம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியாது.

இதே மூன்று நிலை அமைப்பை வாகனத் துறை தன் வழியில் கண்டடைந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவரத் தொடங்கிய 1998-ஆம் ஆண்டில்தான், வாகன நிரல்களுக்கான சி மொழி விதித்தொகுப்பான மிஸ்ரா சி முதன்முதலில் வெளியானது. அந்த ஆலையிலிருந்து இன்று சிட்ரோயன் கார்கள் வருகின்றன. எஞ்சின், பிரேக், ஏர்பேக் எல்லாவற்றையும் நிரல்தான் ஆள்கிறது. மிஸ்ராவின் 2012 பதிப்பு விதிகளை மூன்றாகப் பிரிக்கிறது: எந்த நிலையிலும் மீறக் கூடாதவை, காரணத்தை எழுதிப் பதிவுசெய்தால் விலகலாம் என்பவை, பின்பற்றினால் நலம் என்பவை. நடுவிலிருப்பது வழுவமைதியேதான், காரணத்தின் பெயரைக் கேட்கிறது.

செலவு பற்றிய மறுப்பைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் அது சிறு தொழிலின் உண்மையான வேதனையிலிருந்து வருகிறது. அம்பத்தூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஐந்தாறு பேருடன் பேனல் செய்யும் நிறுவனத்திடம் பத்து வருடத்துப் பழைய நிரல் இருக்கும். ‘டபிள்யூ-ஆல்’ போட்டதும் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள் கொட்டும். சிப் செய்த நிறுவனம் தந்த கம்பைலர் பழையதாக இருக்கும். ஆர்டருக்குக் கெடு நெருங்கும். எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பிழையாக்கி வேலையை நிறுத்தும் ‘டபிள்யூ-எரர்’ தெரிவை லினக்ஸ் கர்னலே 2021-இல் எல்லோருக்கும் இயல்பாக்க முயன்று, கம்பைலர் மாறும்போதெல்லாம் எங்கெங்கோ தடைபட்டதால் சில நாட்களிலேயே தளர்த்திக்கொண்டது. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் செலவு என்று ஒன்றாகச் சொல்லப்படுவதைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. சானிடைசர் சிறு சிப்பின் நினைவகத்தில் அடங்காது என்பது சரி. ஆனால் நேரக் கணக்கு, வெப்பக் கணக்கு போன்ற தர்க்கப் பகுதிகளை மேசைக் கணினியில் அதே சி நிரலாக ஓட்டி, எண்ணிக்கையை உச்சத்துக்கு அருகிலிருந்து தொடங்கி வைத்தால், 25 நாள் காத்திருக்காமல் ஒரு நிமிடத்தில் குற்றம் தெரிந்துவிடும். ‘எஃப்-ராப்-வி’ போட்டால் வேகம் குறையும் என்பதும் சில கணக்குகளுக்குச் சரி. நொடிக்குச் சில முறை நீரின் சூட்டைப் படிக்கும் நிரலுக்கு அந்த வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அல்லது எண்ணிக்கையைக் குறியற்ற முழு எண்ணாக வைத்து, கழித்து வரும் இடைவெளியை ஒப்பிட்டால், தெரிவே இல்லாமல் தரமே அதற்கு விடை தருகிறது. குறியற்ற எண் சுழன்று வரும் என்று தரம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பழைய நிரலுக்கும் வழி உண்டு. புதிதாகத் தொடும் கோப்புகளுக்கு மட்டும் கடுமையை வைத்து, மற்றவற்றை எப்போது திருத்துவது என்று எழுதி வைக்கலாம். மிச்சமாகும் உண்மையான செலவு, ஒவ்வொரு எச்சரிக்கையையும் உட்கார்ந்து படித்து யோசிக்கும் மனித நேரம். அதை ஒருவர் கொடுக்க மறுத்தால் அந்த விலை எங்கும் போய்விடாது. உலைக்கு முன்னால் நிற்பவரின் கணக்கில் ஏறுகிறது.

தரம் அனுமதித்ததைத்தானே கம்பைலர் செய்தது, தரம் தெரிந்தவர்தானே சி மொழியைத் தேர்ந்தெடுத்தார், இதில் அறம் எங்கிருந்து வந்தது என்ற மறுப்பையும் இந்த இடத்தில்தான் எதிர்கொள்ள வேண்டும். தரம் என்பது நிரலருக்கும் கம்பைலருக்கும் இடையிலான ஒப்பந்தம். உலைத் தொழிலாளி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தில் இல்லாதவரின் உடல்மீது விளையும் தீங்குக்கு, ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காட்டி விடுதலை கேட்க முடியாது. நிரலரை நம்பு என்பது சி மொழியின் பழைய கொள்கைகளில் ஒன்று. சி11 தரத்துக்கான வேலையைத் தொடங்கியபோது, பாதுகாப்பு முக்கியமான துறைகளுக்கு அந்தக் கொள்கை காலாவதியாகிவிட்டது என்று தரக் குழுவே எழுதியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான வேலி வேண்டும் என்று விதித்தது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி வந்தால் அந்த வேலியைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அசைத்துப் பார்க்கலாம். நிரலில் இருக்கும் காவல் வரி அதே வேலையைச் செய்யும் வேலிதான்; ஆனால் கம்பைலர் அதை நீக்கிவிட்டதா என்று எந்த அதிகாரியும் பேனலின் கதவைத் திறந்து பார்த்துவிட முடியாது. நல்ல பேனலில் மென்பொருளை நம்பாத தனி ரிலேயும் இருக்கும் என்பது உண்மை, இருக்கவும் வேண்டும். இன்னொரு வேலி இருப்பதால் இந்த வேலி ஓட்டையாக இருக்கலாம் என்று யாரும் வாதிடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க முடியாத இடத்தில் உள்ளிருப்பவரின் கட்டுப்பாடு ஒன்றே மிஞ்சுகிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ரஸ்ட் போன்ற மொழிக்கு மாறிவிடலாமே என்பது இன்றைய இளைய நிரலர்களின் மறுப்பு. இதில் வைணவத்தின் பழைய வழக்கு ஒன்று புது உருவில் திரும்புகிறது. திருஎவ்வுள் என்ற திவ்யதேசமான திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் அஹோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. அந்த மடம் வடகலை மரபைச் சேர்ந்தது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல உயிரும் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலையின் நிலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல அருளே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பது தென்கலையின் நிலை. சி மொழி பற்றிக்கொள்ளச் சொல்கிறது, ரஸ்ட் கவ்விச் செல்கிறது. கவ்விச் செல்வது பெரும் நன்மை என்பதை நான் மறுக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் நிரல்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அங்கேயும் பிடி முழுக்கத் தளர்ந்துவிடுவதில்லை. ரஸ்டில் முழு எண் வழிந்தால் சோதனை நிலையில் நிரல் உடனே நிற்கும்; வெளியீட்டு நிலையில், கேட்டுப் பெறாவிட்டால், பேசாமல் சுழன்றுவிடும். நம் பம்பின் எண்ணிக்கை அங்கும் 25-ஆம் நாளில் வழியும். அங்கும் ஒரு தெரிவை ஒருவர் இயக்க வேண்டும். வன்பொருளைத் தொடும் இடங்களில் ‘அன்சேஃப்’ என்று எழுதி, அந்தப் பகுதிக்கு நானே பொறுப்பு என்று அறிவிக்கவும் வேண்டும். இதற்கிடையில், திருவள்ளூர் மாவட்டத்தின் ஆலைகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சி நிரல்கள் இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே ஓடும்.

அந்த நிரல்களுக்கான கருவிகளும் மெதுவாகத்தான் திருந்துகின்றன. அறிவிக்காத செயல்கூறை அழைப்பதைச் சி99 தரம் 1999-இல் மொழியிலிருந்தே நீக்கியது. ஜிசிசி அதை இயல்பாகவே பிழையாக்கியது 14-ஆம் பதிப்பில், 2024-இல். இடைப்பட்ட 25 ஆண்டுகளும் இயல்பாக எச்சரிக்கைக்கு மேல் எதுவும் இல்லாமல் கழிந்தன. கேட்க விரும்பியவர்கள் அதைப் பிழையாக்கும் தெரிவைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். கருவிகள் திருந்தக் கால் நூற்றாண்டு ஆகுமென்றால், பேனல் வாங்குபவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உலை வாங்கும்போது மின்சுற்று வரைபடத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், சுருளின் சோதனைச் சான்றிதழைக் கேட்கிறார்கள், நீர்க்குழாயின் அழுத்தச் சோதனை முடிவைக் கேட்கிறார்கள். அந்த உறையோடு இன்னும் இரண்டு தாள்களைக் கேட்கலாம். நிரல் எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில், எந்தத் தெரிவுகளுடன் தொகுக்கப்பட்டது என்ற கட்டளை வரி ஒரு தாளில் இருக்கட்டும். அணைத்து வைத்த எச்சரிக்கைகள் எவை, தரத்திலிருந்து விலகிய இடங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, யார் ஒப்புதல் தந்தார் என்பது மற்றொரு தாளில். வாங்கும் ஆலைக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் இல்லாமல் இருக்கலாம். அப்போதும், நிரலர் அதை எழுதித் தர வேண்டியிருக்கிறது என்பதாலேயே ஒவ்வொரு எச்சரிக்கையின் முன்னும் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கும்.